சோலி இல்லாத நாய்

"நாய்க்கு வேலையும் இல்லை, நிக்க நேரமும் இல்லை"ன்னு ஒரு சொலவடை உண்டு. எங்க திருநெல்வேலி பக்கம் வெட்டியா சைக்கிள்ல சுத்துற பயலுவளைத் திட்டுறதுக்கு தினப்படி புழக்கத்துல இருக்குற சரக்கு. இப்போ நான் பொட்டி தட்டுற வேலையில இருந்தாலும், லீவுக்கு ஊருக்குப் போனா ரெண்டாம் நாளே அம்மா வாயிலருந்து இது வந்துரும் :-)

இந்தச் சொலவடையை நாய் பக்கத்துல நின்னு யோசிச்சிருக்கீங்களா? நாய்க்கு வேலை இல்லைன்னு யார் சொன்னது? எங்க சீமையில ஒரு காலத்துல நாய்க்கு வேலை இருந்தது. சும்மா இல்ல, தலைமுறை தலைமுறையா ஒரே வேலைக்குன்னே பார்த்துப் பார்த்து வளர்த்த நாய்கள் அவை. அந்த வேலை போனதுக்கப்புறம் அதுகளுக்கு என்ன ஆச்சு, அதே மாதிரி வேலை போன நாய்களுக்கு உலகத்துல மத்த இடங்கள்ல என்ன செஞ்சாங்க, "அடங்காத நாய்"னு கொல்லப் பார்த்த ஒண்ணு எப்படி சாம்பியன் ஆச்சு, இதெல்லாம்தான் இன்னிக்குப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க மக்கா.

முயலும் கோட்டையும்

தாமிரபரணின்னு சொன்னதும் எல்லாருக்கும் வயலும் வாழையும்தான் ஞாபகத்துக்கு வரும். பாபநாசத்துல இறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம்னு ஆத்தோட ரெண்டு கரையும் பச்சை. ஆனா ஆத்தை விட்டு வடக்க கொஞ்ச தூரம் வந்தா கதையே வேற. மானூர், கங்கைகொண்டான், அப்புறம் கயத்தாறு, கோவில்பட்டி, சங்கரன்கோவில்னு வானம் பார்த்த பூமி. கரிசல், செம்மண், உடைமரம். கண்ணுக்கு எட்டின தூரம் மறைப்பே இல்லாத வெட்டவெளி. முயல் ஓடுறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்.

அந்த நிலத்துக்கு ஏத்த மாதிரி உருவானதுதான் கன்னியும் சிப்பிப்பாறையும். ஒட்டின வயிறு, ஆழமான நெஞ்சு, நீளக் காலு, சாட்டை மாதிரி வாலு. கருப்பு உடம்புல புருவத்துக்கு மேலயும் காலுலயும் செம்பழுப்பு இருந்தா கன்னி. வெளிர் நிறத்துல இருந்தா பால்கன்னின்னும் சொல்வாங்க. கல்யாணத்துல பொண்ணோட சேர்த்து சீரா குடுத்து விடுவாங்க, அதனாலதான் கன்னின்னு பேரு வந்ததுன்னு ஒரு கதையும் உண்டு. பக்கத்து ஜில்லா ராஜபாளையத்து வெள்ளை நாய், தேனிப் பக்கத்து கோம்பைன்னு தென்மாவட்டத்துல இன்னும் ரெண்டு பேர் உண்டு. ஆனா முயலுக்குப் பின்னாடி பாயுற வித்தைக்கு கன்னியும் சிப்பிப்பாறையும்தான்.

எங்க ஊர் வரலாறே ஒரு நாய்க் கதையிலதான் ஆரம்பிக்குது. பாஞ்சாலங்குறிச்சி கதை தெரியும் இல்லையா? கட்டபொம்மனோட முன்னோர் வேட்டைக்குப் போறாங்க. நாய்கள் முயலை விரட்டுது. ஒரு இடம் வந்ததும் முயல் சட்டுனு திரும்பி நின்னு நாய்களை எதிர்த்து விரட்ட, நாய்கள் பின்வாங்கிருது. இந்த மண்ணுக்கு ஏதோ வீரம் இருக்குன்னு அங்கேயே கோட்டை கட்டினாங்கன்னு கதை. 1799 அக்டோபர் 16-ம் தேதி கயத்தாறுல கட்டபொம்மனைத் தூக்குல போட்டதுக்கப்புறமும் அந்த முயலை ஜனங்க மறக்கலை.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்த நாய்கள் அதுக்கப்புறம் என்ன ஆச்சு? முயல்கிட்ட தோத்த நாயை எவனாவது வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி சோறு போட்டானா? கதை சொல்றவங்க யாரும் அதைச் சொல்ல மாட்டேங்குறாங்க.

1972

சின்னதா ஒரு விஞ்ஞானம். நாய் வேட்டையாடுறது ஒரே செயல் மாதிரி தெரிஞ்சாலும், அதுக்குள்ள படிப்படியா பல வேலை இருக்கு. உத்துப் பார்க்கிறது, பதுங்குறது, துரத்துறது, கவ்வுறது, கொல்லுறது. மனுஷன் தன்னோட தேவைக்கு ஏத்த மாதிரி சில படிகளைக் கூட்டியும் சில படிகளைக் குறைச்சும் இனங்களை உருவாக்கினான். ஆடு மேய்க்கிற பார்டர் கோலிக்குப் பார்வையும் துரத்தலும் ஜாஸ்தி, கவ்வக்கூடாது. நம்ம கன்னி மாதிரி பார்வை வேட்டைநாய்க்கு அசையுற பொருள் கண்ணுல பட்டாப் போதும், மூளை யோசிக்கிறதுக்கு முன்னாடி காலு கிளம்பிரும். மோப்பம் எல்லாம் ரெண்டாம் பட்சம். நம்ம பாஷையில சொன்னா, இது மேல எழுதின புரோகிராம் இல்ல, ஹார்டுவேர்லயே பொறிச்சது. அழிக்க முடியாது.

இப்படிப் பொறிச்ச நாய்கிட்ட, "நாளையிலருந்து முயல் பிடிக்கக் கூடாது"ன்னு சொன்னா எப்படி இருக்கும்? 1972 செப்டம்பர்ல வந்த வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் அதைத்தான் சொல்லுச்சு.

சட்டம் சரியானது, அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. திருநெல்வேலியிலருந்து தூத்துக்குடி போற ரோட்டுல வல்லநாட்டு மலையைப் பார்த்திருப்பீங்க. தெற்கே இயற்கையா வெளிமான் மிஞ்சியிருக்குற கடைசி இடம்னு அதைச் சொல்வாங்க. 1987-ல சரணாலயம் ஆச்சு. கங்கைகொண்டான்ல ஐடி பார்க் ஒரு பக்கம், புள்ளிமான் சரணாலயம் ஒரு பக்கம். வேட்டை அப்படியே தொடர்ந்திருந்தா இந்த மான் எல்லாம் பாடப் புஸ்தகத்துல படமாத்தான் இருந்திருக்கும்.

ஆனா சட்டம் முயலைப் பத்தி மட்டும்தான் யோசிச்சது. வேலை போன நாயைப் பத்தி யாரும் யோசிக்கலை. ஜமீனும் போச்சு, வேட்டையும் போச்சு. "சோலி இல்லாத நாய்க்கு சோறு எதுக்கு"ன்னு பல வீட்டுல வளர்க்கிறதையே விட்டுட்டாங்க. சில பேரு திருட்டுத்தனமா ராத்திரியில முயலுக்குப் போயி வனத்துறைகிட்ட மாட்டி அபராதம் கட்டுறாங்க, இன்னிக்கும் பேப்பர்ல வருது. மிச்சம் இருந்தது சங்கிலியில கட்டிக் கிடந்து குரைச்சுக்கிட்டே இருந்துச்சு.

இதே 1972-ல, பூமிக்கு அந்தப் பக்கம், கலிபோர்னியாவுல இன்னொண்ணு நடந்தது. இதைப் படிச்சப்போ எனக்கு தூக்கமே வரலை.

அங்கேயும் பார்வை வேட்டைநாய் வளர்க்கிறவங்க இருந்தாங்க. திறந்தவெளியில காட்டு முயலை விரட்ட விடுவாங்க. வேலியில கட்டின முள்கம்பியில மாட்டி நாய்களுக்குக் காயம் மேல காயம். லைல் கில்லெட்ங்கிறவரும் அவர் கூட்டாளிகளும் இதுக்கு மாத்து வழி யோசிச்சாங்க. மைதானத்துல அங்கங்க கப்பி அடிச்சு, அதுவழியா நீளமான கயிறை ஓட விட்டு, கயிறுல வெள்ளை பிளாஸ்டிக் பையைக் கட்டி மோட்டார்ல இழுத்தா? முயல் வளைஞ்சு வளைஞ்சு ஓடுற மாதிரியே பை ஓடும். நாய் அதைத் துரத்தும். முயலும் சாகாது, நாயும் கிழியாது. அவ்வளவுதான் விஷயம்! இதை ஒழுங்கா ஒரு விளையாட்டா நடத்துறதுக்கு அமெரிக்கன் சைட்ஹவுண்டு ஃபீல்டு அசோசியேஷன்னு ஒரு சங்கம் 1972-ல ஆரம்பிச்சாங்க. வேகத்துக்கு மட்டும் மார்க் இல்லை. உற்சாகம், பையை விடாம தொடர்றது, வளையுற லாவகம், தாக்குப்பிடிக்கிறதுன்னு எல்லாத்துக்கும் மார்க்.

ஒரே வருஷம். இங்க நாய்கிட்டருந்து முயலைப் பிடுங்கினோம். அங்க முயலுக்குப் பதிலா ஒரு பிளாஸ்டிக் பையைக் குடுத்தாங்க. நம்ம ஊர்ல கேரி பேக்குக்கா பஞ்சம்?

மைதானத்துக்கு வந்த நாய்கள்

அடுத்த ஒரு ஏழெட்டு வருஷத்துல நாய் விளையாட்டுங்கிற சமாச்சாரமே தலைகீழா மாறிடுச்சு. 1974 ஆகஸ்ட். லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர் ஸ்டேடியத்துல பேஸ்பால் ஆட்டம், நாடு முழுக்க டிவியில ஓடிக்கிட்டு இருக்கு. அலெக்ஸ் ஸ்டைன்னு 19 வயசுப் பையன் ஒருத்தன் தன்னோட நாயைக் கூட்டிக்கிட்டு வேலி தாண்டி மைதானத்துக்குள்ள குதிச்சுட்டான். பறக்கும் தட்டை வீச, நாய் காத்துல எம்பி எம்பிப் பிடிக்குது. ஆட்டத்தை நிறுத்திட்டு எல்லாரும் இதைப் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க. பையனை போலீஸ் பிடிச்சுக்கிட்டுப் போனது தனிக்கதை. அந்த நாய் பேரு ஆஷ்லி விப்பட். விப்பட் இனம், அதாவது நம்ம கன்னிக்குத் தூரத்துச் சொந்தம்னு சொல்ற மாதிரி அதே உடம்பு, அதே வேலைக்கு வளர்த்த இனம். 1975, 76, 77 மூணு வருஷமும் தட்டுப் பிடிக்கிற உலகப் போட்டியில அதுதான் சாம்பியன்.

1978-ல லண்டன்ல கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சி. நடுவுல ஒரு இடைவேளை, கூட்டம் சலிச்சுப் போகாம இருக்க ஏதாவது செய்யணும். ஜான் வார்லிங்கிற கமிட்டிக்காரர் பீட்டர் மீன்வெல்லுங்கிற பயிற்சியாளர்கிட்ட சொல்ல, ரெண்டு பேருமா சேர்ந்து குதிரைப் பந்தயத்துல தடை தாண்டுற மாதிரி நாய்க்கு ஒண்ணு வடிவமைச்சாங்க. தடை தாண்டு, குழாய்க்குள்ள நுழை, பலகை மேல ஏறி இறங்கு. அஜிலிட்டின்னு இன்னிக்கு உலகம் முழுக்க நடக்குற விளையாட்டு பிறந்தது ஒரு இடைவேளையிலதான். நம்ம ஊர்ல நாடகத்துக்கு நடுவுல பபூன் வர்ற மாதிரி வந்தது, கடைசியில மெயின் பிக்சரையே தூக்கிச் சாப்பிட்டுருச்சு.

இந்த விளையாட்டுகள்ல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. அழகுப் போட்டியில காது இப்படி இருக்கணும், வாலு அப்படி இருக்கணும், அப்பன் தாத்தன் பேரு வேணும்னு கேப்பாங்க. இங்க தாண்டினியா, பிடிச்சியா, அவ்வளவுதான் கேள்வி. அமெரிக்கன் கென்னல் கிளப் 2010-லருந்து கலப்பின நாய்களையும் போட்டிக்குச் சேர்த்துக்கிச்சு. 2024-ல வெஸ்ட்மின்ஸ்டர் அஜிலிட்டி சாம்பியன் பட்டத்தை முதன்முறையா ஒரு கலப்பின நாய் வாங்குச்சு. பேரு நிம்பிள்.

வாலஸ்

இப்போ கதாநாயகன். பிட்புல். அமெரிக்காவுல பிட்புல்னா எல்லாருக்கும் பயம். சண்டைக்கு வளர்த்த ஜாதி. சில ஊர்ல வளர்க்கவே தடை. மினசோட்டா மாகாணம் ராச்செஸ்டர்ல ஒரு நாய்க் காப்பகம். 2005 வாக்குல அங்க வாலஸ்னு ஒரு பிட்புல். உடம்பு பூரா சதை, உள்ள பூரா சக்தி. கூண்டுல இருக்க இருக்க நிலைமை மோசமாகுது. சுத்துது, பாயுது, மத்த நாயைக் கண்டா ஆவேசம் வருது. இதை யாருக்கும் தத்துக் குடுக்க முடியாது, ஊசி போட்டுக் கொன்னுரலாம்ங்கிற அளவுக்குப் பேச்சு வந்துருச்சு.

அங்க தொண்டு செஞ்சுக்கிட்டு இருந்த ரூ யோரி, கிளாரா தம்பதி, "நாங்க கூட்டிட்டுப் போறோம்"னாங்க. ரூ பகல்ல ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்துல டி.என்.ஏ. வேலை பாக்குறவர். நம்மள மாதிரி ஆணி புடுங்குற ஆளுதான்னு வெச்சுக்கோங்களேன். நாய்ப் பயிற்சி அவருக்குத் தொழில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் வாலஸ் சாதுவாயிருச்சுன்னு சினிமா மாதிரி நினைச்சுராதீங்க. ஏற்கெனவே இருந்த நாய்களோட எப்படி விடுறது, எப்போ பிரிச்சு வெக்கிறதுன்னு தினமும் பார்த்துப் பார்த்து நடத்த வேண்டியிருந்தது. அவங்க செஞ்சது ஒண்ணே ஒண்ணு. இவ்வளவு சக்தியையும் எங்க இறக்கி வெக்கிறதுன்னு தேடினாங்க. கடைசியில ஃப்ரிஸ்பி தட்டுல போயி நின்னுச்சு.

தட்டுப் பிடிக்கிறது எல்லாம் ஒல்லிக்குச்சி பார்டர் கோலிகளோட ராஜ்ஜியம். அங்க போயி ஒரு பயில்வான் நிக்கிறான். பார்க்கவே வேடிக்கை. ஆனா 2006-ல சைனோஸ்போர்ட் உலகப் போட்டியில தட்டுப் பிரிவுல வாலஸ் சாம்பியன். 2007-ல பியூரினா நடத்துற இன்கிரெடிபிள் டாக் சேலஞ்ச் போட்டியில தேசிய சாம்பியன். கொன்னுரலாம்னு சொன்னதுலருந்து ரெண்டே வருஷம்!

2012-ல ஜிம் கோரண்ட்ங்கிற பத்திரிகையாளர் வாலஸ் பத்தி ஒரு புத்தகமே எழுதிட்டார். 2013-ல வாலஸ் புற்றுநோயில போய்ச் சேர்ந்தது.

இதைப் படிக்கிறப்போ நான் திரும்பத் திரும்ப யோசிச்சது, வாலஸ் எந்த இடத்துல மாறுச்சுங்கிறதை. கூண்டுல அதைக் கெட்ட நாயாக் காட்டுன அந்த வேகம், விடாப்பிடி, ஒரு பொருளைப் பார்த்தா உலகத்தையே மறக்குற குணம், இதெல்லாம் மைதானத்துலயும் அப்படியேதான் இருந்தது. தட்டு மட்டும்தான் புதுசு.

2007-ல இன்னொரு பெரிய சம்பவம். மைக்கேல் விக்னு அமெரிக்க ஃபுட்பால் நட்சத்திரம், வர்ஜீனியாவுல அவரோட இடத்துல ரகசியமா நாய்ச்சண்டை நடத்தினதைக் கண்டுபிடிச்சு ஐம்பது நாய்கள் வாக்குல மீட்டாங்க. அதுவரைக்கும் இந்த மாதிரி கேஸ்ல நாய்களைச் சாட்சிப் பொருளா வெச்சிருந்து கடைசியில கொல்றதுதான் வழக்கம். இந்தத் தடவை ஒவ்வொரு நாயையும் தனித்தனியா பரிசோதிச்சுப் பார்க்க கோர்ட்டு அனுமதிச்சது. பெரும்பாலான நாய்கள் பிழைச்சது. அதுல ஆடின்னு ஒண்ணு வீடு கிடைச்சு, அஜிலிட்டி கத்துக்கிட்டு தடை தாண்டுச்சு. நெஞ்சுல தழும்போட வந்த ஹெக்டர்ங்கிற நாயைத் தத்தெடுத்தது யாருன்னு நினைக்கிறீங்க? அதே யோரி வீட்டுலதான், வாலஸ் இருந்த வீட்டுல. ஹெக்டர் ஆஸ்பத்திரிகளுக்குப் போயி நோயாளிகளுக்கு ஆறுதல் குடுக்குற நாயாச்சு. எல்லா நாய்க்கும் மைதானம் வேணும்னு இல்லை. சிலதுக்கு ஒரு மடி போதும்.

பந்தயமும் விளையாட்டும்

உடனே "அப்போ நம்ம ஊர்ல நாய்ப் பந்தயம் விட்டுரலாம்ல"ன்னு கிளம்பிராதீங்க அண்ணாச்சி. அதுல ஒரு பெரிய குழி இருக்கு.

1919-ல கலிபோர்னியா எமரிவில்லுல ஓவன் ஸ்மித்ங்கிறவர் எந்திர முயலை வெச்சு கிரேஹவுண்டு ஓட்டப்பந்தயம் ஆரம்பிச்சார். 1926-ல அது இங்கிலாந்துல மான்செஸ்டருக்கு வந்துச்சு. உயிருள்ள முயலைக் கொல்லக் கூடாதுங்கிற நல்ல எண்ணம்தான் அதுலயும் இருந்தது. ஆனா சூதாட்டம் உள்ள வந்ததும் எல்லாம் மாறிருச்சு. ஜெயிக்கிற நாய் மட்டும்தான் காசு. ஆயிரக்கணக்குல குட்டி போட வெச்சு, ஓடுறதை மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்தைக் கழிச்சாங்க. மூணு நாலு வயசுல காலு போனா அதோட கதை முடிஞ்சது. கடைசியில ஜனங்களே வேண்டாம்னு சொன்னாங்க. ஃபுளோரிடாவுல 2018-ல வாக்கெடுப்பு நடத்தி, 2020 முடியுறதுக்குள்ள எல்லாத்தையும் மூடினாங்க. பந்தயத்துலருந்து வந்த கிரேஹவுண்டுகளைத் தத்தெடுக்குறதுக்குன்னே அங்க தனித்தனி அமைப்புகள் உண்டு.

பிளாஸ்டிக் பையைத் துரத்துறதும் எந்திர முயலைத் துரத்துறதும் பாக்க ஒண்ணு மாதிரி இருக்கும். ஒரு வித்தியாசம் மட்டும். ஒண்ணுல நாய் சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோறு தின்னுட்டுக் கட்டிலுக்கடியில படுக்கும், தோத்தாலும். இன்னொண்ணுல தோத்தா வீடு கிடையாது. முன்னாடி கேட்டேனே, பாஞ்சாலங்குறிச்சி நாய்கள் என்ன ஆச்சுன்னு? எல்லா நாய் விளையாட்டையும் அந்த ஒரு கேள்வியை வெச்சு எடை போடலாம்.

மாமாவும் சைக்கிளும்

இவ்வளவு அமெரிக்கக் கதை சொன்னா, "நம்ம ஊருக்கு இதெல்லாம் சரிப்படுமா"ன்னு ஒரு கேள்வி வரும். எங்க மாமா கதையைச் சொல்றேன். சின்னக் கதைதான்.

மாமா பாளையங்கோட்டைப் பக்கம் ரிட்டயர்டு வாத்தியார். அவர் வீட்டுக் கிட்ட யாரோ ஒரு கன்னி நாயைக் கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாங்க. ஒரு ரெண்டு வயசு இருக்கும். கழுத்துல சங்கிலித் தடம். மாமா சோறு வெச்சு வெச்சு வீட்டுக்குள்ள கொண்டு வந்துட்டார். அதுக்கப்புறம்தான் இருக்கு கூத்து. நாலு கோழி காலி. அஞ்சரை அடி சுவரைத் தாண்டி ஓட்டம். கதவை நகத்தால பிராண்டிப் பலகையே தேஞ்சு போச்சு. தெருவுல சைக்கிள் போனாப் போதும், பின்னாடியே பாய்ச்சல். "வாத்தியார் வீட்டுல வெறிநாய் இருக்கு"ன்னு தெருவே பேசுச்சு. அத்தை ஒருநாள் என்கிட்ட போன்ல, "ஏல, இது நாயா பேயான்னு தெரியலல, உங்க மாமாகிட்ட சொல்லி எங்கயாவது விட்டுட்டு வரச் சொல்லு"ன்னாங்க.

நான் மேல சொன்ன கதை எல்லாத்தையும் மாமாகிட்ட சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "மருமவனே, மோட்டார் எல்லாம் எதுக்குடே, பழைய சைக்கிள் கிடக்குல்லா"ன்னார். நான்தான் இன்ஜினியரிங் படிச்சவன், ஐடியா வந்தது அவருக்கு!

சைக்கிளைத் தலைகீழா கவுத்தி, பின்சக்கரத்து டயரையும் டியூப்பையும் கழட்டினோம். ரிம்முல நைலான் கயிறைக் கட்டி, மறுமுனையில வெள்ளைக் கேரி பேக். அறுவடை முடிஞ்சு காஞ்சு கிடந்த வயல், சொந்தக்காரர் இடம், சுத்தி வேலி உண்டு. ஒரு நூத்தம்பது அடி தூரத்துல பையைப் போட்டுட்டு, நான் பெடலைக் கையால சுத்துறேன். ரிம்முல கயிறு சரசரன்னு சுத்திக்குது, பை தரையில துள்ளிக்கிட்டு வருது. மாமா நாயை விட்டார்.

அந்த அஞ்சாறு வினாடியை எழுத எனக்குத் தெரியலை. ரெண்டு வருஷமா வெறிநாய்னு பேரு வாங்கின ஒண்ணு, வயித்தைத் தரையில உரசுற மாதிரி தாழ்ந்து பறந்து வந்து பையைக் கவ்விக்கிட்டு, எங்க ரெண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துச்சு பாருங்க. "இவ்வளவு நாளா இதை எங்கடா ஒளிச்சு வெச்சிருந்தீங்க"ன்னு கேக்குற மாதிரி. நாலு தடவை ஓட விட்டோம். அன்னிக்கு சாயங்காலம் அத்தை காலடியில படுத்து குறட்டை விட்டுச்சு.

நாய் மாறிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். கோழியை இன்னிக்கும் நம்ப முடியாது, வெளிய போனா கயிறு இல்லாம விடுறதே இல்லை. ஆனா வாரத்துக்கு மூணு நாள் வயலுக்குப் போயிட்டு வர்றதால கதவைப் பிராண்டுறது நின்னுருச்சு, சுவர் தாண்டுறதும் அபூர்வமாச்சு. அத்தை இப்போ அதை "விட்டுட்டு வாங்க"ன்னு சொல்றதில்லை.

செஞ்சு பாக்குறவங்களுக்கு மாமா சார்பா சில எச்சரிக்கை: ஒரு வயசுக்குக் குறைஞ்ச குட்டியை ஓட விடாதீங்க, எலும்பு முத்தியிருக்காது. நம்ம ஊர் வெயிலுக்கு காலையில ஏழு மணிக்குள்ள முடிச்சுரணும். தரையில கல்லு, கம்பி, குழி இருக்கான்னு முதல்ல நடந்து பாக்கணும். வேலி அவசியம், பக்கத்துல ஆடு மேயக் கூடாது. நாலஞ்சு ஓட்டத்துக்கு மேல வேண்டாம், இந்த நாய்க்குப் போதும்னு சொல்லத் தெரியாது. கயிறு ஓடுறப்போ அதுல கைய வெக்காதீங்க, தோலு உரிஞ்சுரும். முடிஞ்சதும் பையைத் திரும்ப எடுத்துருங்க. நாயும் முழுங்கக் கூடாது, மாடும் திங்கக் கூடாது.

மரியாதை கிடைச்சாச்சு, சோலி?

நம்ம நாய்களுக்கு மரியாதை கிடைக்கலைன்னு சொல்ல முடியாது. 2005 ஜனவரியில தபால் துறை நாலு நாய் ஸ்டாம்ப் விட்டாங்க, அதுல ராஜபாளையம் ஒண்ணு. தபால் துறையில பெரிய பதவியில இருந்த தியடோர் பாஸ்கரன் ஐயா நாட்டு நாய்களைப் பத்தி பல வருஷமா எழுதி, 2017-ல தனிப் புத்தகமே கொண்டு வந்தார். 2018-ல பரியேறும் பெருமாள் வந்தப்போ கருப்பிக்காக அழாதவன் எங்க ஊர்ல கிடையாது. 2020-ல ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கர்நாடகத்து முதோலும் அரசாங்கத்தோட இனப் பட்டியல்ல பதிவாச்சு. அதே வருஷம் ஆகஸ்டுல பிரதமர் வானொலியில இந்த இனங்களைப் பேரு சொல்லிப் பேசினார். 2024-ல லக்னோவுல நடந்த அகில இந்திய போலீஸ் போட்டியில எல்லைப் பாதுகாப்புப் படையோட ரியாங்கிற முதோல் நாய், வெளிநாட்டு இனங்களை எல்லாம் தாண்டி துப்புத் துலக்குறதுல முதல் பரிசு வாங்குச்சு. நாட்டு நாய்க்குப் பயிற்சி ஏறாதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தவங்க வாயை அது அடைச்சது.

ஆனா மரியாதை வந்ததும் கூடவே இன்னொரு தொல்லை வந்துருச்சு. பெருமைக்காக சிப்பிப்பாறைக் குட்டி வாங்கி, சென்னையிலயும் பெங்களூருலயும் மூணாவது மாடி ஃபிளாட்டுல வளர்க்கிறாங்க. குட்டியா இருக்கும்போது அழகு. ஒரு வயசுல சோபா கிழியும், லிஃப்ட்டுல பூனையைப் பாத்தாப் பாயும். "அடங்க மாட்டேங்குது"ன்னு யாருக்காவது தள்ளி விடுறது, இல்லைன்னா ரோட்டுல விடுறது. மாமா வீட்டு வாசலுக்கு வந்ததும் இப்படி ஒண்ணாத்தான் இருக்கும்.

ஸ்டாம்ப் ஒட்டினதுனால ஒரு நாயும் நிம்மதியாத் தூங்காது. அதுக்கு ஓடணும். திருநெல்வேலியைச் சுத்தி அறுவடை முடிஞ்ச வயல் மாசக்கணக்குல சும்மா கிடக்கு. கப்பி இருக்கு, கயிறு இருக்கு, கேரி பேக் இருக்கு. சூது இல்லாம, காசு இல்லாம, தோத்த நாயும் வீட்டுக்குப் போற மாதிரி ஒரு ஞாயித்துக்கிழமை காலை விளையாட்டு நம்ம பக்கம் நடத்த முடியாதா? நாய் வளர்க்கிற மக்கா, கால்நடை டாக்டருங்க யாராவது இதைப் படிச்சீங்கன்னா பின்னூட்டத்துல உங்க யோசனையைச் சொல்லுங்க. மாமா சைக்கிளோட ரெடியா இருக்கார்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு உடனே கன்னிக் குட்டி வாங்கக் கிளம்பாதீங்க சாமி. ஏற்கெனவே வீடு இல்லாம ஒண்ணு எங்கயாவது கட்டிக் கிடக்கும், அதைக் கேட்டுப் பாருங்க. வாங்குறதுக்கு முன்னாடி, அதுக்கு ஓட வயல் இருக்கா, கூட ஓட உங்களுக்கு நேரம் இருக்கான்னு யோசிச்சுக்கோங்க :-)